வந்தவன் கற்றான்; போனவனும் கற்றான்; இருப்பவனோ?

தமிழ்நாட்டில் வாழ்வதற்குத் தமிழ் வேண்டா என்பது இன்று எழுதாச் சட்டமாகவே நடைபெற்று வருகின்றது. தமிழ் கடுமையான மொழி. வெளியார்க்கு அது வாராது. நம் பிள்ளைகட்கும் அது வீண்சுமை. தமிழ்ச் சொல்லாக்கமோ நகைப்புக்குரிய செயல். இவையெல்லாம் படித்தவர் வாயிலிருந்தே நாளும் வந்து விழுகின்ற மொழிகள். கல்லாதவன் இப்படிப் பேசினானில்லை. பட்டமும் பதவியும் பெற்றவனே பேசுகின்றான். இப் பொய்களை உடைப்பதற்கு நூற்பெருக்கம் வேண்டுவதில்லை. தரங்கம்பாடிக் கடற்கரையொன்றே போதும். அக் கரையில் வந்திறங்கியவன் ஒருவனையும், அக் கரைப்பக்கத்து ஊர்களினின்று அரபு நாடுகட்குப் போனவர் பல்லாயிரவரையும் சான்றாக நிறுத்தி வினவுவோம்.

1305ஆம் ஆண்டுக் குலசேகர பாண்டியன் கல்வெட்டிலே சடங்கன்பாடி என்று பெயர் பெற்ற ஊர் இது. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கனிடம் இடம் பெற்றுத் தென்மார்க்கர் கோட்டை கட்டினர். 1845இல் ஆங்கிலேயர்க்கு விற்றுவிட்டுப் போயினர். அவர்கள் ஆண்ட காலத்தில், 1706 சூலை 9ஆம் நாள், செருமானிய இளைஞர் இருவர் அங்கு வந்திறங்கினர். ஒருவர் பெயர் சீகன்பால்கு. மற்றவர் பெயர் புளூட்சோ. சீகன்பால்குக்கு அப்போது அகவை இருபத்து நான்கை ஒட்டியிருந்தது. தம் சமயத்தைப் பரப்ப வந்தவர் அவர். அவர் சமயமும் நோக்கமும் இங்கு நமக்கு வேண்டுவன அல்ல. அவர் மொழி கற்ற முறையே வேண்டுவது.

அந்நாளிற் சோழ மண்டலக் கடற்கரையில் வணிகத்துக்கு வழங்கிய மொழி ஒருவகைச் சிதைந்த போர்த்துக்கேயம். கப்பற்காரனுக்கும் கணக்கனுக்கும் துறைமுகக் கூலிக்கும் அதுவே ஊடுமொழி. அதைக் கற்றுக்கொண்டால் தரங்கம்பாடியிற் சோறும் நீரும் கிடைக்கும், வாழ்நாளைக் கழித்துவிடலாம். வந்தவர் இருவரும் முதலில் அதனையே பயிலத் தொடங்கினர். ஆயினும் சீகன்பால்கு அதனோடு நிற்கவில்லை. வீட்டுக்குள் மாந்தர் பேசும் மொழி வேறு என்று கண்டார். முதிய திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரை, அவர்தம் மாணாக்கரோடு, தம் இல்லத்துக்கே வரவழைத்தார். சிறு பிள்ளைகளோடு தாமும் அமர்ந்து மணலில் விரலால் எழுத்தெழுதிப் பழகினார். ஐரோப்பியப் பல்கலைக்கழகத்திற் பயின்று வந்த வெள்ளையன், கோவணம் கட்டிய சிறுவனோடு ஒரே மணலில் ‘அ’ எழுதினான்! நம் படித்த தமிழர்க்கு இது நினைவிருக்கட்டும்.

எட்டுத் திங்களுக்குள் அவர் தமிழிற் பேசலானார். அதற்குப் பின்னும் ஓய்ந்தாரல்லர். தம் நாளை எவ்வாறு கழித்தார் என்பதை அவரே மடலில் எழுதியுள்ளார். காலையில் ஒரு மணிநேரம் முன் கற்ற சொற்களைத் திரும்பப் பார்ப்பது. எட்டு மணி முதல் நண்பகல் வரை, முன்பு படித்திராத தமிழ்ச் சுவடிகளையே படிப்பது. பக்கத்தில் முதிய புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் இருப்பது. புலவர் பொருள் கூறுவது, எழுத்தர் புதுச்சொல்லைக் குறித்துக்கொள்வது. பிற்பகலிலும் தமிழ், கண் சோர்ந்த மாலையிற் பிறரைப் படிக்கச் சொல்லிக் கேட்பது. இப்படி ஈராண்டு. 1708இல் அவர் தொகுத்த நூற்பட்டியில் 119 தமிழ் நூல்கள் இடம்பெற்றன. உலகநீதியையும் கொன்றைவேந்தனையும் நீதிவெண்பாவையும் அவ்வாண்டிலேயே செருமானியத்தில் ஆக்கினார். அதே ஆண்டின் இறுதியில் தென்மார்க்கக் கோட்டைத் தலைவன் அவரைச் சிறையிட்டான். நான்கு திங்கள் கழித்தே வெளிவந்தார். 1716இல் அவர்தம் தமிழிலக்கண நூல் செருமனியின் ஆலே நகரில் அச்சாயிற்று. 1719இல் தம் முப்பத்தாறாம் அகவையிலே தரங்கம்பாடியிலேயே உயிர் நீத்தார். தமிழ் வெளியாருக்கு வாராது என்பவர் அவர் கல்லறைப் பக்கம் ஒருமுறை போய் வருக.

இங்கே ஒன்றைச் சொல்லாமற் போவதற்கில்லை. அவர் எழுதிய தமிழ் தூய தமிழன்று. மறையை வேதம் என்றார். வடசொற்களை வாரி இறைத்தார். அதற்காக அவர்மேற் சினங்கொள்பவர் நம் அன்பர்களுள்ளும் உண்டு. வந்த விருந்தினன் வீட்டுக்காரன் கிணற்று நீரைத்தானே குடிப்பான்? அந்நாட் புலவரும் கணக்கரும் எந்தத் தமிழை அவர் செவியிற் பெய்தனரோ, அதுவே அவர் எழுதுகோலில் வழிந்தது. பழி கிணற்றைக் கலக்கியவர்க்கே உரியது.

இனி, இக் கரையினின்று போனவர் செய்தி. ஆக்கூர், சங்கரன்பந்தல், வடகரை, அரங்கக்குடி, நீடூர் என்று இப் பக்கத்தில் எவ்வூர்க்குப் போனாலும், வீட்டுக்கு ஒருவரேனும் குவைத்திலோ, சவூதியிலோ, துபாயிலோ, கத்தாரிலோ இருக்கக் காண்கின்றோம். முசுலிம் மக்கள் மட்டுமல்லர். காவிரி நீர் பொய்த்த ஆண்டுகளிற் கடன்பட்டு வெளியேறிய எல்லாக் குலத்து இளைஞரும் அவருள் உண்டு. என்னிடம் படித்தவர் பலர் அங்கு உளர். தமிழ்ப் பாடத்திலேயே முப்பத்தைந்து மதிப்பெண் எடுக்க முக்கி முனகியவன் ஒருவன், குவைத்து வீடொன்றில் ஊர்தி ஓட்டுநனாகப் போய் ஓராண்டில் அரபு பேசுகின்றான். விடுமுறையில் வந்தபோது வினவினேன்: “யாரப்பா உனக்குக் கற்றுக்கொடுத்தது?” அவன் சொன்னான்: “யாருமில்லை ஐயா. வீட்டுக் கிழவியைச் சந்தைக்கு அழைத்துப் போவேன். தக்காளியைக் காட்டிப் பெயர் சொல்லுவார். தப்பாகச் சொன்னால் சிரிப்பார். மறுநாள் தப்பாது.” திண்ணைப்பள்ளி மணலும் அந்தச் சந்தையும் வேறல்ல. மொழி என்பது வாழ்க்கையோடு ஒட்டி வரும்போது எவனுக்கும் வரும்.

ஆயினும் உள்ளதை உள்ளவாறே கூறுவோம். போனவர் எல்லாரும் அரபு கற்றுவிட்டனர் என்பது உண்மையன்று. அமீரகத்திலும் கத்தாரிலும் அந் நாட்டுக் குடிமக்கள் பத்தில் ஒருவர் அளவினரே. கடைக்காரன் மலையாளி, மேற்பார்வையாளன் வடநாட்டான், மேலாளன் ஆங்கிலம் பேசுவான். அங்கே அரபு பேச விழைபவனுக்கு அரபியனே அகப்படுவதில்லை. அகப்பட்டாலும் அவன் ஆங்கிலத்தில் விடை சொல்லி விடுகின்றான். ஆகவே வேலையிடங்களில் வழங்குவது ஒரு துண்டுமொழி. ‘மாபி மாலும்’ என்றால் தெரியாது. ‘கலாசு’ என்றால் முடிந்தது. ‘சுவை சுவை’ என்றால் மெல்ல மெல்ல. பால் இல்லை, எண் இல்லை, காலம் இல்லை. அன்று தரங்கம்பாடித் துறையில் வழங்கிய குறைப்போர்த்துக்கேயத்துக்கு உடன்பிறப்பு இது. இதனை மட்டும் பேசி இருபதாண்டு கழித்து ஊர் திரும்பியவன் அரபு கற்றான் என்று நான் சொல்லேன். அம் மொழியின் வாயிற்படியில் நின்றுவிட்டுத் திரும்பினான் என்பேன். அப் படியைத் தாண்டி உள்ளே போனவர், அரபியர் வீட்டோடும் கடைத்தெருவோடும் பழகியவரே. அவர்க்குத்தான் அரபியன் முகம் மலர்கின்றது. தன் மொழியை ஒருவன் முயன்று பேசக் கேட்டால் எவ்வினத்தானுக்கும் உள்ளம் குளிரும். தமிழன் ஒருவன் மட்டும், வடநாட்டான் தமிழிற் பேச வந்தாலும் முந்திக்கொண்டு அரைகுறை ஆங்கிலத்தில் விடை கூறுகின்றான்!

அரபு கற்கப் போன தமிழனுக்கு ஒரு வியப்பு அங்குக் காத்திருக்கின்றது. பாதிச் சொற்கள் முன்பே தெரிந்தவைபோல் இருக்கின்றன. பாக்கி, அசல், நகல், வக்கீல், வாரிசு, வசூல், மகசூல், தகராறு, தயார், மாமூல், இலாக்கா. எல்லாம் அரபு வேரினின்று வந்தவை. இவற்றை நமக்குக் கொணர்ந்தவர் கடல்வழி வந்த அரபு வணிகரா? அல்லர். பாரசீகத்தை ஆட்சிமொழியாக வைத்திருந்த முகலாயர், ஆர்க்காட்டு நவாபுகள் ஆகியோரின் வரிக்கணக்கும், தஞ்சையை 1676 முதல் 1855 வரை ஆண்ட மராட்டியரின் கணக்கும், பின்வந்த கும்பினியாரின் கச்சேரியும் சேர்ந்து நம் உழவன் தலையில் ஏற்றியவை இவை. அன்பாற் கொண்ட சொற்களல்ல. வரி தண்ட வந்தவன் வாயினின்று அச்சத்தாற் கற்ற சொற்கள். நெல் விளைத்தவன் அதனைக் கண்டுமுதல் என்றான். வரியாள் அதனை மகசூல் என்றான். உழவன் நிலுவை என்றதை அவன் பாக்கி என்றான். தண்டல் வசூலாயிற்று, படி நகலாயிற்று. இன்றும் நம் சிற்றூர் அலுவலர் பசலி ஆண்டு என்றே எழுதுகின்றார். அதுவும் அரபு வேர்ச்சொல்லே. அரபியனுக்கு அவை தாய்மொழிச் சொற்கள். அவன் வாயில் அழகாகவே இருக்கின்றன. நம் வாயில் அவை அடிமைச் சங்கிலியின் தழும்புகள். அரபு மொழிமேல் நமக்குப் பகையில்லை. வளமான மொழி, தன் இலக்கணத்தைக் கண்போற் காத்த மொழி. நம் வழக்கு நம் ஆட்சியாளரோடு.

அரபியன் தன் மொழியை எவ்வாறு காக்கின்றான் என்பதையேனும் போனவர் கண்திறந்து பார்த்தனரா? 1919இல் தமாசுக்கசிலும், பின்னர் 1930களிற் கெய்ரோவிலும் மொழிக் கழகங்கள் அமைத்துப் புதுப்பொருள்கட்குத் தம் வேரிலேயே சொல்லாக்கினர் அரபியர். மகிழுந்துக்கு அவர்கள் சொல் ‘சய்யாரா’. அவர்தம் மறையில் வழிப்போக்கர் கூட்டத்தைக் குறித்த பழஞ்சொல் அது. அதற்கே புத்துயிர் கொடுத்தனர். வானூர்திக்குப் ‘பறப்பது’ என்னும் பொருள்பட ‘தாயிரா’. குளிர்ப்பெட்டிக்குப் பனி என்னும் சொல்லினின்று ‘தல்லாசா’. மருத்துவமனைக்கு நலப்பாடு என்னும் வேரினின்று ‘முசுத்தசுபா’. தொலைப்பேசிக்கு ‘காத்திபு’ என்று பலகையில் எழுதுகின்றனர். தெருவில் ‘தலிபோன்’ என்பவரும் உளர். மறைக்க வேண்டுவதில்லை, மக்கள் வழக்கும் கழக வழக்கும் முழுதும் ஒன்றாகிவிடவில்லை. ஆயினும் சய்யாரா என்றால் அங்கு எவனும் நகைப்பதில்லை. நம் குவைத்து ஓட்டுநன் நாளுக்கு நூறு முறை சய்யாரா என்கின்றான். ஊருக்கு வந்ததும், தமிழாசிரியன் மகிழுந்து என்றால் வாய்பொத்திச் சிரிக்கின்றான்! அரபியன் ஆக்கியது சொல். தமிழன் ஆக்கியது நகைச்சுவையா?

அவனுக்கு அயலூர்ச் சான்றும் வேண்டா. தன் தெருவிலுள்ள பள்ளிவாசலைப் பார்க்கட்டும். தமிழ் முசுலிம்கட்கு அரபு மறைமொழி. வழிபாட்டில் ஒரு சொல்லையும் மாற்ற ஒருப்படார். கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களில் தமிழையே அரபெழுத்தில் எழுதி, அரபுத்தமிழ் என்று ஓர் எழுத்து மரபையும் வளர்த்தவர்கள் அவர்கள். அத்தகையோர் வீட்டில் வழங்கும் சொற்கள் யாவை? தொழுகை, நோன்பு, பள்ளிவாசல், பெருநாள். வடநாட்டு முசுலிம் நமாசு என்றும் உரோசா என்றும் கூறுமிடத்து இவர் தொழுகை என்றும் நோன்பு என்றும் கூறுகின்றார். இவற்றுள் எதுவும் எந்தக் கழகமும் ஆக்கித் தந்ததன்று. பாட்டியர் வாயிலே வழிவழி வந்தது. சமயம் அரபு நாட்டினின்று வந்தது. சொல் தமிழாகவே நின்றது. கோயிலில் அருச்சனை, அபிடேகம், பிரசாதம் என்று அடுக்கும் நம்மவர் இத் தெருவிற் சென்று பாடங்கேட்க வேண்டும்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். ஏனெனில் தேவையை உண்டாக்குவது அதுவே. சவூதியின் 2005ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், வேலை ஒப்பந்தமும் பதிவேடுகளும் அரபில் இருக்க வேண்டும் என்கின்றது. வேறு மொழிப்படி உடனிருந்தாலும் அரபுப்படியே செல்லும் என்கின்றது. குவைத்தின் 2010ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வாறே. இது தம் மொழிக்கு அவர் செய்த காப்பு. அமீரகமோ 2016 முதல் இன்னொன்றும் செய்தது. வரும் தொழிலாளி தன் கூலியையும் வேலையையும் அறிந்து கையெழுத்திடும் பொருட்டு, வேலையழைப்பைப் பதினொரு மொழிகளில் அமைத்தது. அவற்றுள் தமிழும் ஒன்று.

தமிழ் மக்களே! இதனைச் சற்று நின்று எண்ணுங்கள். மயிலாடுதுறை மாவட்டத்துத் தமிழன் ஒருவன் அமீரகம் போகின்றான். அவன் கையிலுள்ள கடவுச்சீட்டில் இந்தி உண்டு, ஆங்கிலம் உண்டு. தமிழ் ஓர் எழுத்தும் இல்லை. வானூர்தி நிலையத்திற் குடிபெயர்வு அலுவலர் வினவுவது இந்தியிலோ ஆங்கிலத்திலோ. கடல் கடந்து, ஒட்டகம் மேயும் மணல்நாட்டு அரசின் தாளிலேதான் அவனுக்கு முதன்முதலாகத் ‘கூலி’, ‘விடுமுறை’, ‘வேலைநேரம்’ ஆகியவை தமிழெழுத்திற் கிடைக்கின்றன. தன் நாடு தராததை அயல்நாடு தருகின்றது! இந் நிலையை மானக்கேடு என்னாமல் வேறு என்னென்பது?

அவன் அனுப்பும் பணம் வந்து சேரும் வைப்பகத்தின் கதை இதனினும் இழிவு. இப் பக்கத்து வைப்பகம் ஒன்றிற் பணம் எடுக்கத் தமிழ்ப்படிவம் கேட்டேன். தீர்ந்துவிட்டது என்றனர். அடுத்த திங்களும் தீர்ந்துவிட்டது. இந்திப் படிவமோ கட்டுக் கட்டாகத் தூசு படிந்து கிடந்தது. எடுப்பார் இல்லாததால் அது தீர்வதேயில்லை. அங்கிருந்த வடநாட்டு இளைஞர் என்னிடம் இந்தியில் ஏதோ வினவினார். முன்னால் நின்ற முதியவள், நூறு நாள் வேலைக் கூலிக்கு வந்தவள், விளங்காமல் விழித்தாள். அவர் மேற்கூடக் குற்றமில்லை. ஓராண்டில் இங்குத் தமிழ் கற்காவிடில் பதவி நிலைக்காது என்று விதி இருந்திருப்பின், எட்டுத் திங்களில் அவரும் சீகன்பால்கு ஆகியிருப்பார்.

ஐயமுடையார் வயலுக்கு வந்து பார்க்க. அண்மை ஆண்டுகளில் இங்கு நடவுக்கு ஆள் பற்றாமல் மேற்கு வங்கத்தினின்றும் பிற வடபுலங்களினின்றும் கூலியாட்கள் வருகின்றனர். இரண்டு பருவம் நின்றவன் நாற்று, முடி, வரப்பு, மடை, குறுவை, சம்பா என்று தெளிவாகச் சொல்கின்றான். கூலி குறைந்தால் தமிழிலேயே சண்டையும் இடுகின்றான். எழுத்தறியாத அவனுக்கு வரும் தமிழ், பட்டம் பெற்ற வைப்பக அலுவலர்க்கு வாராதாம்! சேற்றில் நிற்பவனுக்குத் தமிழ் தேவை. குளிரறையில் இருப்பவனுக்குத் தேவையில்லை. வேறுபாடு மூளையில் இல்லை, தேவையில் உள்ளது. அத் தேவையை ஆக்கவேண்டிய அரசோ 1956இல் ஆட்சிமொழிச் சட்டமும், 2006இல் தமிழ் கற்றல் சட்டமும் இயற்றியது. இயற்றிய கையோடு விலக்குகளையும் இழுத்தடிப்புகளையும் பொறுத்துக்கொண்டிருக்கின்றது.

கடைசியாக, வெளிநாட்டுப் பணத்தில் வீடு கட்டிய பெற்றோர்க்கு ஒரு சொல். அரபு நாட்டில் வெயிலில் வெந்து, அயலான் மொழியை அவன் வாய்பார்த்துக் கற்று, ஈட்டிய பணத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகின்றீர்கள்? தமிழிற் பேசினால் ஒறுப்புப் பணம் தண்டும் ஆங்கிலப் பள்ளியிலே! அப் பள்ளியிற் பயிலும் பையன் ஒருவனை அறிவேன். அவன் தந்தை சவூதியிலிருந்து அந்நாளிற் தன் தாய்க்கு எழுதிய மடல்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய உள. பாட்டிக்குக் கண் மங்கிவிட்டது. பெயரனைப் படித்துக் காட்டச் சொல்லுகின்றாள். அவனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டத் தெரியவில்லை. தந்தை அரபுப் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிப் படித்து வழி கண்டவன். மகனோ தந்தையின் மடலைப் படிக்க இயலாதவன். பக்கத்து வீட்டுத் துணிதைப்பவர் வந்து படித்துக் காட்டுகின்றார். கடன், கூலிப்பிடித்தம், நோய், வெயில் என்று ஒரு மகன் தன் தாய்க்கு மட்டும் எழுதியவற்றை அயலார் படிக்க, அவன் பிள்ளை பக்கத்தில் நின்று கேட்கின்றான்.

சூன் திங்களிற் பள்ளிகள் திறக்கும். சேர்க்கைக்கு முன், ஒறுப்புப்பணம் தண்டும் வழக்கம் உண்டா என்று எழுத்தில் வினவுங்கள். உண்டெனின் அப் பள்ளிக்குப் பிள்ளையை விடாதீர்கள். வைப்பகத்திலும் அஞ்சலகத்திலும் தமிழ்ப்படிவம் கேளுங்கள். இல்லையெனில், இல்லை என்று நாளிட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் மறுத்தவர் பதவியையும் நாளையும் குறித்து இவ்விதழுக்கு விடுங்கள். கடவுச்சீட்டிற் தமிழ் வேண்டும் என்னும் வேண்டுகையை, அரபு நாட்டுக்குப் போகும் ஒவ்வொருவரும் தம் விண்ணப்பத்தோடு தனித்தாளில் இணையுங்கள். அமீரகத்து வேலையழைப்பின் தமிழ்ப்படி வீட்டில் இருப்பின், அதன் படியையும் சேர்த்து இணைக்க.